கால் நீட்ட ஓர் இடம்



பள்ளி விடுமுறைக்குச் சில நாட்களுக்கு முன், நாலாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாயார் என்னைத் தேடிப் பள்ளிக்கு வந்தார். செம்பனைத் தோட்டத்தில் வெளிக்காட்டு வேலை செய்பவர். மூத்த மகன் மெல்பர்னில் வேலை பார்க்கிறான். அவன் அனுப்பிய விமானச் சீட்டுத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்திருந்தார். அங்கே குளிர் எப்படி, ஊறுகாய் கொண்டு போக விடுவார்களா, கடப்பிதழில் எங்கே கையெழுத்துப் போடுவது என்றெல்லாம் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பிறகு நான் ஒன்று கேட்டேன்.

"எட்டு மணி நேரம் பறக்கணுமே, எந்த இடத்துல சீட்டு போட்டிருக்காங்க?"

அவர் சிரித்துவிட்டார். "உட்கார்ந்துக்கிட்டுப் போறதுதானே டீச்சர்! அதுல என்ன கஷ்டம் இருக்கு? ஒரு நாளாவது கால் ஓய்ஞ்சு உட்காருவோம்!"

இதே வார்த்தைகளை ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் என் தாயாரும் சொன்னார். நானும் தலையாட்டினேன். அதற்கு நாங்கள் கொடுத்த விலையை இந்த இதழில் எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது. நம் தோட்டத்துப் பிள்ளைகள் இன்று லண்டனிலும் மெல்பர்னிலும் பெர்த்திலும் இருக்கிறார்கள். பிள்ளைப்பேறு பார்க்கவும் பட்டமளிப்பைப் பார்க்கவும் தாய்மார்கள் விமானம் ஏறுகிறார்கள். படித்த நானே செய்த தவற்றை அவர்கள் செய்ய வேண்டாமே!

2018-ஆம் ஆண்டு இறுதி. லண்டனில் தாதியாக வேலை பார்க்கும் என் தங்கைக்குத் தலைப்பிரசவம். அம்மாவுக்கு அப்போது 64 வயது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். விடியற்காலை ஐந்து மணிக்குப் பெரட்டுக்குப் போய், மரத்துக்கு மரம் நடந்து, தோளில் பால் வாளியோடு ஸ்டோருக்குத் திரும்பியவர். உயரம் நாலடி பத்து அங்குலம்தான். முழங்கால் வலி உண்டு. கெண்டைக்காலில் நரம்பு புடைத்திருக்கும்.

குறைந்த விலைக்குக் கிடைத்த சீட்டு. வழியில் வளைகுடா நாட்டு ஊர் ஒன்றில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டும். இரண்டு பயணமும் ஏழு மணி நேரத்திற்குக் குறையாதவை. இடத்தை முன்கூட்டியே தேர்ந்தெடுக்கத் தனிக் கட்டணம் கேட்டார்கள். 'எந்த இடமாக இருந்தால் என்ன, விமானம் எல்லாரையும் ஒரே நேரத்தில்தானே கொண்டு சேர்க்கும்!' என்று கெட்டிக்காரத்தனமாக அந்த வெள்ளியை மிச்சப்படுத்தினேன். விளைவு, அம்மா இரண்டு ஆடவர்களுக்கு நடுவே. நான் மூன்று வரிசை பின்னால்.

ஏறுவதற்கு முன் அம்மாவிடம் நான் சொன்னது இன்றும் என் காதில் கேட்கிறது. "அம்மா, அடிக்கடி எழுந்திரிக்காதீங்க. பக்கத்துல இருக்கவங்களுக்குத் தொந்தரவா இருக்கும். முகத்தைச் சுளிப்பாங்க."

அம்மா சொன்ன சொல் தவறாதவர். எழுந்திருக்கவே இல்லை. எழுந்தால்தானே தொந்தரவு என்று தண்ணீரும் குடிக்கவில்லை. தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டி வருமாம்! நான் இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்தேன். சேலையைப் போர்த்திக்கொண்டு, கண்ணை மூடி, பள்ளிப் பிள்ளை போல் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார். கால் தரையில் சரியாகப் படவில்லை. 'நன்றாகத் தூங்குகிறார்' என்று திருப்தியோடு என் இடத்திற்குத் திரும்பினேன்.

லண்டன் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பாதமும் வீங்கியிருந்தன. மறுநாள் அது வடிந்தது. மூன்றாம் நாள் வலது கெண்டைக்கால் மட்டும் கல் போல இறுகி வீங்கியது; தொட்டால் சூடு. "சுளுக்கு" என்றார் அம்மா. நானும் தைலத்தை எடுத்துக் கெண்டைக்காலை அழுத்தித் தேய்க்கத் தொடங்கினேன். பிள்ளையைக் கையில் வைத்திருந்த தங்கை அதைப் பார்த்துப் பதறிவிட்டாள்.

"அக்கா! தேய்க்காதே! கையை எடு!"

அன்று மாலையே மருத்துவமனை. காலில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். உள்நரம்பில், அதாவது ஆழத்தில் ஓடும் இரத்தக் குழாயில், இரத்தம் கட்டியாக உறைந்திருந்தது. அந்தக் கட்டி உடைந்து நுரையீரலுக்குப் போயிருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார் மருத்துவர். மூன்று மாதம் இரத்தம் உறையாமலிருக்க மருந்து. பிறகு அவர் கேட்ட கேள்வியைத் தங்கை தமிழில் சொன்னாள்.

"விமானத்துல எத்தனை தடவைம்மா எழுந்து நடந்தீங்க?"

"ஒரு தடவைகூட இல்லையே! பெரியவ சொன்னாளே, எழுந்திரிக்கக் கூடாதுன்னு" என்றார் அம்மா. புகார் சொல்லும் குரலில் சொல்லவில்லை. நல்ல பெயர் எடுத்த பிள்ளையின் பெருமிதத்தோடு சொன்னார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

சும்மா உட்கார்ந்திருந்தால் இரத்தம் ஏன் உறைய வேண்டும்? வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வது போலச் சொல்கிறேன். இதயம் இரத்தத்தைக் கால் வரை தள்ளிவிடுகிறது. காலிலிருந்து அது மேலே ஏற வேண்டுமே! அந்த வேலையைச் செய்வது நம் கெண்டைக்கால் தசை. நாம் நடக்கும் ஒவ்வோர் எட்டிலும் அந்தத் தசை சுருங்கி, கைப்பம்பு போல இரத்தத்தை மேலே ஏற்றுகிறது. மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்தால் பம்பு நின்றுவிடும். முழங்காலை மடக்கி உட்காருவதாலும், இருக்கையின் விளிம்பு தொடையின் அடியை அழுத்துவதாலும் குழாய் இன்னும் நெருக்கப்படும். வாய்க்காலில் தேங்கிய தண்ணீர் பாசி பிடிப்பது போல, தேங்கிய இரத்தம் உறையத் தொடங்கும்.

இது விமானத்தால் மட்டும் வந்த நோயல்ல. 1940-இல் லண்டன் மீது குண்டு விழுந்துகொண்டிருந்த காலத்தில், மக்கள் பாதுகாப்புக் கூடங்களில் சாய்வு நாற்காலிகளில் இரவு முழுவதும் உட்கார்ந்தே கிடந்தார்கள். அவர்களில் சிலர் குண்டு படாமலே, கால் இரத்தம் உறைந்து நுரையீரலை அடைத்து இறந்ததை மருத்துவர் கீத் சிம்சன் அந்த ஆண்டே எழுதினார். 1954-இல் அமெரிக்க மருத்துவர் ஜான் ஹோமன்ஸ், நீண்ட நேரம் உட்கார்ந்து பயணம் செய்தவர்களுக்கு இது வந்ததை எடுத்துக் காட்டினார். 1977-இல் இதற்கு 'சிக்கன வகுப்பு நோய்' என்ற பெயரே வந்துவிட்டது.

பயந்துவிட வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாலு மணி நேரத்திற்கு மேல் உட்கார்ந்தே பயணம் செய்தால் இந்த ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஆனாலும் சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான் இது வருகிறது. பயணம் நீள நீளவும், அடுத்தடுத்து விமானம் மாறி ஏறும்போதும் ஆபத்து கூடும். பஸ்ஸிலும் காரிலும் ரயிலிலும் அசையாமல் உட்கார்ந்தாலும் இதே கதைதான். ஜொகூரிலிருந்து பினாங்குத் தைப்பூசத்திற்கு இரவு பஸ் ஏறுகிறவர்களும் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த ஆய்வில் என் மனத்தைத் தைத்த செய்தி இன்னொன்று உண்டு. மிக உயரமானவர்களுக்கும், 160 செண்டிமீட்டருக்குக் குறைவான உயரம் உள்ளவர்களுக்கும் ஆபத்து அதிகமாம். நெட்டையான வெள்ளைக்காரர்களுக்குத்தான் விமானத்தில் கால் இடிக்கும், நம் அம்மாவுக்கு என்ன என்று நினைத்தேன். தரையில் எட்டாத கால், இடிக்கிற காலைப் போலவே துன்பப்படும் என்பது எனக்குத் தெரியவில்லை!

இருக்கைகள் ஏன் இப்படி நெருங்கிவிட்டன என்று பார்ப்போம். ஓர் இருக்கையின் ஒரு புள்ளியிலிருந்து முன் இருக்கையின் அதே புள்ளி வரை அளந்து, அதைத்தான் இருக்கை இடைவெளி என்கிறார்கள். நீண்ட பயணங்களில் சிக்கன வகுப்புக்கு இன்று பெரும்பாலும் 31, 32 அங்குலம். மலிவு விமானங்களில் 28, 29 அங்குலம். 31 அங்குலம் என்பது நம் பள்ளிப் பிள்ளைகளின் அடிக்கோல் இரண்டரைக்குச் சற்று அதிகம். அதற்குள் இருக்கையின் கனமும் அடக்கம்! மிச்சம்தான் நம் முழங்காலுக்கு.

1958-இல் அட்லாண்டிக் கடலைக் கடக்கும் விமானங்களில் சிக்கன வகுப்பைத் தொடங்கியபோது 34 அங்குலம் என்று நிறுவனங்கள் தங்களுக்குள் விதி வைத்துக்கொண்டன. மலிவுச் சீட்டுக்காரர்களுக்குச் சுடுசோறு கிடையாது, சாண்ட்விச் ரொட்டி மட்டும்தான் என்பதும் விதி. ஸ்காண்டிநேவிய நிறுவனம் அந்த ரொட்டியின் மேல் இறைச்சியும் மீனும் அடுக்கி விருந்தாகவே கொடுத்துவிட்டது. போட்டி நிறுவனங்கள் புகார் செய்ய, 20,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது! ஏழைப் பயணிக்கு ஒரு துண்டு மீன் கூடுதலாக வைத்ததற்கு அபராதம் கட்டிய கதை உலகத்தில் வேறு எங்கே உண்டு?

அகலத்திலும் குறைப்புத்தான். 1995-இல் பறக்கத் தொடங்கிய போயிங் 777 விமானத்தில் பல நிறுவனங்கள் வரிசைக்கு 9 இருக்கை வைத்தன. இன்று பலவற்றில் அதே அகலத்தில் 10 இருக்கை. பத்துப் பேர் உட்கார்ந்தால் சீட்டு விலை இறங்கும் என்பதும் உண்மைதான். அந்த விலை இறங்கியதால்தான் பால்மரம் வெட்டிய ஒரு தாய் லண்டனில் பேரப்பிள்ளையைத் தூக்க முடிந்தது. அதை மறந்து வெறுமனே திட்டுவது நியாயமாகாது.

என் பாட்டி 1937-இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு வந்தவர். 1926 முதல் 1973 வரை நம் சனங்களை ஏற்றி இறக்கிய கப்பல் அது. தொடக்கத்தில் ஐயாயிரம் பேருக்கு மேல் டெக்கில் ஏற்ற அனுமதி பெற்றிருந்ததாம். பாட்டி சொல்வார்: "பாய் விரிச்ச இடம்தான் நம்ம இடம். பெட்டியைத் தலைமாட்டுல வச்சிக்கிட்டா அதுதான் சுவரு." வாந்தியும் மழையும் நாற்றமும் பட்டு, ஜெரெஜாக் தீவில் தடுப்பு முகாமில் இருந்துவிட்டுத்தான் தோட்டத்துக்கு வந்தார்கள். அந்தத் துன்பத்தை நான் அழகுபடுத்தப் போவதில்லை. ஆனால் ஒன்று: நெரிசலானாலும் பாட்டி எழுந்தார், நடந்தார், கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தார். யாரும் அவரை 'அசையாதே' என்று சொல்லவில்லை. அம்மாவுக்கு அதைச் சொன்னது மகளாகிய நான்.

இனி, மெல்பர்ன் போகும் அந்தத் தாயாருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது, இடம். வயதானவர்களுக்கு நடைபாதை ஓரத்து இடம்தான் நல்லது. தனிக் கட்டணம் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். வேறு எதிலாவது மிச்சம் பிடிக்கலாம். அவசர வாசல் ஓர வரிசையில் கால் நீட்ட இடம் தாராளமாக இருக்கும். ஆனால் ஆபத்து நேரத்தில் கதவைத் திறக்க வல்லவர்களுக்குத்தான் அங்கே இடம்; முழங்கால் வலிக்காரர்களுக்குத் தர மாட்டார்கள். வகுப்பின் முதல் வரிசையில் முன்னால் சுவர்தான். கைப்பையைக் காலடியில் வைக்க விடமாட்டார்கள், பக்கத்தில் தொட்டில் குழந்தையும் இருக்கலாம். கடைசி வரிசையில் சில விமானங்களில் இருக்கை சாயாது. நடக்கச் சிரமப்படுபவர்களுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்று சீட்டு எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இரண்டாவது, கால். தரையில் எட்டாவிட்டால் கைப்பையைக் காலடியில் வைத்து அதன்மேல் பாதத்தை வையுங்கள். குதிகாலை ஊன்றி விரல்களைத் தூக்குங்கள். பிறகு விரல்களை ஊன்றிக் குதிகாலைத் தூக்குங்கள். தையல் மிஷினை மிதிப்பது போல! அரை மணிக்கு ஒருமுறை இருபது தடவை போதும். விழித்திருக்கும்போது ஒரு மணி, இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து கழிப்பறை வரை நடந்து வாருங்கள். இருக்கை வார்ச் சின்னம் எரியும்போது மட்டும் எழ வேண்டாம்.

மூன்றாவது, தண்ணீர். விமானத்தின் உள்ளே காற்று மிக வறண்டது. காற்றழுத்தமும் கெந்திங் மலையிலோ அதற்கும் மேலேயோ இருப்பது போலத்தான். தாகம் எடுக்குமுன் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். தூக்க மாத்திரையும் மதுவும் வேண்டாம். மரக்கட்டை போல ஒரே நிலையில் தூங்கிப்போவதுதான் ஆபத்து.

நான்காவது, உடை. பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டாதீர்கள். பாதம் வீங்கும் என்பதால் இறுக்கமான சப்பாத்தும் வேண்டாம். வசதியான சிலிப்பரும் காலுறையும் போதும்.

ஐந்தாவது, மருத்துவர். முன்பு காலில் இரத்தம் உறைந்தவர்கள், அண்மையில் அறுவை செய்துகொண்டவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பிள்ளை பெற்றுச் சில வாரங்களே ஆனவர்கள், கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள் பயணத்துக்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். அழுத்தக் காலுறை வேண்டுமா, மருந்து வேண்டுமா என்று அவர்தான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று ஆஸ்பிரின் விழுங்காதீர்கள். மருந்துகளைக் கைப்பையில் வையுங்கள். பயணக் காப்புறுதி எடுங்கள். நாங்கள் முணுமுணுத்துக்கொண்டே எடுத்த காப்புறுதிதான் லண்டனில் கைகொடுத்தது.

போய்ச் சேர்ந்த பிறகு இரண்டு பாதமும் ஒரே மாதிரி வீங்கி, ஓரிரு நாளில் வடிந்தால் கவலை வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கினால், கெண்டைக்கால் வலித்துச் சூடாக இருந்தால், தேய்க்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. பயணம் முடிந்து சில வாரங்கள் வரைக்கும் இது வரலாம்.

கடைசியாக, பக்கத்தில் இருப்பவர். இருக்கையைச் சாய்க்க நமக்கு உரிமை உண்டு. பின்னால் இருப்பவருக்கு முழங்கால் உண்டு! 2014-இல் அமெரிக்காவில் ஒருவர், முன் இருக்கை சாயாதபடி பிளாஸ்டிக் கருவி ஒன்றை மாட்டிவிட்டார். முன்னால் இருந்த பெண் கோபத்தில் அவர்மேல் தண்ணீரை ஊற்றினார். விமானத்தையே வழியில் சிக்காகோவில் இறக்கி இருவரையும் வெளியேற்றினார்கள். திரும்பிப் பார்த்து, "கொஞ்சம் சாய்க்கட்டுமா?" என்று கேட்டிருந்தால் தீர்ந்த காரியம். சாப்பாட்டு வேளையில் நிமிர்த்திவிடுங்கள். மெதுவாகச் சாயுங்கள்.

அம்மா பிழைத்துக்கொண்டார். மருத்துவர் அனுமதி கொடுத்த பிறகுதான் ஊர் திரும்பினோம். இந்தத் தடவை அம்மாவுக்கு நடைபாதை ஓர இடம், நடுவில் நான், ஜன்னலோரம் வேற்று நாட்டு மூதாட்டி ஒருவர். என் தாயாரைவிட வயது கூடியவர். எங்கள் பேச்சு அவருக்குப் புரியாது. அவர் பேச்சு எங்களுக்குப் புரியாது.

பறக்கத் தொடங்கி இரண்டு மணி நேரம் இருக்கும். அம்மா என் தோளைத் தட்டினார். "எந்திரி கண்ணு."

"என்னம்மா, நடக்கணுமா?"

"எனக்கில்ல. அந்தம்மா தண்ணியைத் தொடவே இல்ல பாரு. காலையும் மாத்தி மாத்தி வைக்குது. கேக்கக் கூச்சப்படுது."

நாங்கள் இருவரும் எழுந்து வழிவிட்டோம். அம்மா அந்த மூதாட்டியைப் பார்த்துக் கையை அசைத்து, "வாங்க, வாங்க" என்று தமிழிலேயே கூப்பிட்டார். அவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராக நடைபாதையில் மெதுவாக நடந்து போனதை நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்பது நம் லயத்து வீடுகளில் நாம் கற்ற நல்ல பாடம். ஆனால் வழி கேட்பது தொந்தரவாகாது. நம் தாய்மார்களுக்கு அதைச் சொல்லி அனுப்புங்கள். கேட்கத் தயங்குகிறவர் பக்கத்தில் இருந்தால், அவர் கேட்குமுன் நீங்களே எழுந்துவிடுங்கள்.